கரையேறிய நேரம்

ஜூலை 4, திங்கள்

என் குறிப்பேட்டை எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஜெபமலர் மேடம் இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். "களக் குறிப்பில் பார்த்ததை மட்டும் எழுதவும். நினைத்ததை எழுத வேண்டாம்."

நான் எழுதியிருந்தது இதுதான். தீவுக்குப் போனோம். வெயில் அதிகம். கேம்ப் வாசலில் என் வீட்டுக்காரர் உட்காரும் கல்லில் வேறு ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததைத்தானே எழுதினேன்?

பஸ் ஏறும்முன் கடையில் இன்னொரு நோட்டு வாங்கிவிட்டேன். மேடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தினம் எழுதினால்தான் கை திருந்தும் என்று அவரேதான் சொன்னார்.

என் பெயர் நம்புத்தாய். வயது நாற்பத்தொன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; எழுத்து விட்டுப்போய், போன வருடம்வரை கைநாட்டுத்தான். பதினெட்டு வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுத்தேன். என் வீட்டுக்காரர் களஞ்சியம், இந்தக் கடல் பூங்காவில் காவலராக இருந்தார். போன கார்த்திகையில் கடலுக்குப் போனவர் இறந்துபோனார். ரோந்துப் பணியில் இறந்தார் என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. அதனால் அந்தக் காவலர் வேலையை எனக்குத் தருகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் பூங்கா மேலாண்மையும் பாதுகாப்பும் என்ற ஆறு மாதப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். முடிக்காவிட்டால் வேலை இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலையும் இல்லையென்றால் நான் திரும்பப் பாசிக்குத்தான் போக வேண்டும். இனி அந்தத் தண்ணீரில் என்னால் முங்க முடியாது.

ஜூலை 7

கால் கடுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் கால் கடுக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 19

பதினாறு பேர் படிக்கிறோம். அநேகமாக எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். பக்கத்து இருக்கை ஜெய்னுலாபுதீன் அண்ணனுக்கு. அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். இரண்டு பேருக்கும் யார் மூப்பு என்று இன்னும் தீரவில்லை. முன்னே விசைப்படகு ஓட்டினவர். இப்போது ரோந்துப் படகு ஓட்டும் வேலைக்கு இந்தச் சான்றிதழ் கேட்கிறார்களாம்.

இன்றைக்கு மேடம் பாசிகளின் படத்தைப் போட்டுப் பெயர் எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் என்ன பரீட்சை? மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். முதலில் கொடுத்ததும் நான்தான்.

பத்துக்கு ஒன்றுமில்லை. முட்டை.

"மேடம், இது கட்டக்கோரை இல்லையா?"

"கட்டக்கோரைதான் அக்கா. ஆனா சர்காசம்னு எழுதணும். நீங்க எழுதுற அறிக்கையை வேற ஊர்க்காரங்க படிச்சாலும் புரியணும்ல?"

"வேற ஊர்க்காரவுக எதுக்கு எங்க கடலைப் படிக்கணும்?"

அண்ணன் குனிந்துகொண்டு சொன்னார்: "நம்ம கடல்னு நீங்கதான் சொல்லிக்கிட்டு இருக்கீக. புத்தகத்துல அது உலகத்தோட கடலாம். நமக்குத் தெரியாம பட்டா மாத்திட்டாக."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சர்காசம் சர்காசம் என்று சொல்லிக்கொண்டே மீன் கழுவினேன். கழுவி முடித்ததும் மறந்துபோயிற்று.

ஆகஸ்ட் 3

பாண்டியம்மா மதினி வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்கா. தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார்கள். இருபது வருடம் நானும் அவர்களும் ஒரே வள்ளத்தில் பாசிக்குப் போனோம். எனக்கு முங்கச் சொல்லிக் கொடுத்தது அவர்கள்தான். பூங்கா எல்லைக்குள் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தும் இன்னும் போகிறார்கள்.

கதவில் தொங்கிய என் காக்கிச் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. இதைக் கட்டிக்கிட்டு முதல்ல யாரைப் பிடிக்கப் போறவ? என்னையவா?"

"படிக்கத்தான மதினி போறேன்."

"பிடிக்கிறதுக்குத்தான படிக்கிறது."

கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். திட்டிக்கொண்டே இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டார்கள். மதினி அப்படித்தான்.

ஆகஸ்ட் 22

இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கடலுக்குள் செய்முறைத் தேர்வு. ஒரு கம்பிச் சட்டம் தருவார்கள். சதுரமாக, நாலு பக்கமும் ஒரே அளவு. அதைக் கடலுக்கடியில் போட்டு, சட்டத்துக்குள் எத்தனை வகைப் பாசி, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, பிளாஸ்டிக் அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். ஐந்து சட்டம். மற்றவர்கள் எல்லாம் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு தத்தளித்தார்கள். எனக்கு அது ஒன்றுமில்லை. ஒன்பது மாதமாக முங்காத பயம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டேன். அடியில் போய்த் திறந்தேன். எல்லாம் இருந்த மாதிரியேதான் இருந்தது.

நாலு சட்டம் ஒழுங்காக முடித்தேன். ஐந்தாவது, தீவுக்கு மேற்கே, பாறையோரம். மரிக்கொழுந்து முழங்கை உயரம் நின்றது. வருடக்கணக்காக யாரும் கை வைக்காத இடம். எண்ணினேன். மேலே வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அட்டையை நீட்டினேன்.

மேடம் அட்டையை வாங்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார்.

இடுப்பில் அளவுநாடா வைப்பதற்கு ஒரு வலைப்பை கொடுத்திருந்தார்கள். அது நிறைய மரிக்கொழுந்து.

சத்தியமாக எனக்குத் தெரியாது. என் கை எப்போது பறித்தது, எப்போது பைக்குள் திணித்தது, ஒன்றும் தெரியாது. ஒரு காம்பு விடாமல், வேர் அறாமல், சுத்தமாகப் பறித்திருந்தது.

"அக்கா, எண்ணத்தானே சொன்னேன்?"

அண்ணன் படகிலிருந்து கத்தினார்: "எண்ணி எடுத்திருக்காக மேடம்! மிச்சம் இருந்தாத்தான் கணக்குத் தப்பும்!"

செய்முறையில் சுழியம். பூங்கா எல்லைக்குள் பாசி பறித்தது குற்றம் என்பதால் மேடம் அதை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கினார். என் மீது நானே சாட்சி. அடுத்த மாதம் மறுபடியும் செய்ய வேண்டும்.

இந்தக் கையை என்ன செய்வது?

செப்டம்பர் 9

நீச்சல் தேர்வு. இருபது வருடம் கடலுக்கடியில் கிடந்தவளுக்கு நீச்சல் தேர்வு.

மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் மிதக்க வேண்டும். அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. உடம்பு கீழே போகப் பார்க்கிறது, சட்டை மேலே தூக்குகிறது. இரண்டும் சண்டை போட, நான் நடுவில் கிடந்து உப்புத் தண்ணீர் குடித்தேன். எனக்கு முங்கத் தெரியும். மிதக்கத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது தடவை, வானத்தைப் பாருங்க அக்கா, வேற ஒன்றும் நினைக்காதீங்க என்றார் மேடம். பார்த்தேன். பத்து நிமிடம் ஆயிற்று.

இந்தச் சட்டை நல்ல சட்டை. செத்தவனைக்கூடத் தூக்கி நிறுத்தும் என்றார் அண்ணன். பேச்சுவாக்கில் சொன்னது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரரிடம் அன்றைக்கு இந்தச் சட்டை இல்லை. சட்டையெல்லாம் கேம்ப் அறையில் பூட்டிக் கிடந்தது. லீவு நாளில் அந்த அறைச் சாவி காவலர்களிடம் இருக்காது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இது மேடம் பார்க்கும் நோட்டு இல்லையே.

செப்டம்பர் 28

கம்பிச் சட்டம் மறுதேர்வு. இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று வாங்கினேன், இருபதுக்கு. பென்சிலைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் ஒரு வகையை எழுதாமல் விட்டேன்.

சர்காசம் ஞாபகம் இருந்தது.

அக்டோபர் 13

இன்று வரைபட வகுப்பு. நம் பக்கத்துக் கடற்கரை முழுவதும் பெரிய தாளில் இருந்தது. பாசி எடுத்து வருகிறவர்கள் எங்கெங்கே கரையேறுவார்கள் என்று சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார் மேடம். ரோந்து போகிறவருக்கு அது தெரிய வேண்டுமாம்.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அக்காவுக்குத் தெரியாத துறையா?"

நானே எழுந்துபோய் வைத்தேன். பெரிய துறை, கோவில் துறை, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், உப்பளத்து வாய்க்கால். நாலு புள்ளி.

"அவ்வளவுதானா?" என்றார் மேடம். "தெற்கே இந்த உடங்காட்டுப் பக்கம்? மரம் மறைவா இருக்கு. ரோடும் பக்கத்துல போகுது."

"அங்க யாரும் ஏறமாட்டாக மேடம். முள்ளு."

உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அக்டோபர் 14

பயிற்சி ரோந்து. ஏழு பேர், அண்ணன்தான் படகு ஓட்டினார். கூட ஒரு வனவர் வந்தார்.

தீவைச் சுற்றும்போது வள்ளம் ஒன்று நின்றது. எல்லைக்கு உள்ளே. சுற்றிலும் தண்ணீரில் தலைகள் தெரிந்தன. வனவர் தூரக்கண்ணாடியில் பார்க்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முங்கி எழும்போது தலையை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டுவது எங்கள் ஊரில் ஒருவர்தான். முடியில் இருக்கும் தண்ணீர் கண்ணில் விழாமல் இருக்க. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

"என்ன படகு தெரியுதா?" என்றார் வனவர்.

"தெரியல சார்."

அண்ணன் வேகத்தைக் குறைத்தார். என்ஜின் மக்கர் பண்ணுது என்றார். ஒன்றும் மக்கர் பண்ணவில்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நாலு பெண்கள். அபராதமில்லை, எச்சரிக்கை மட்டும்தான் என்றார் வனவர். ஆனால் பெயர் எழுத வேண்டும். எழுதிப் பழகட்டும் என்று பதிவேட்டை என் மடியில் வைத்துவிட்டார்.

மூன்று பேர் பெயர் எழுதினேன். நாலாவது மதினி. முங்கும் கண்ணாடியைக் கழற்றாமல் என்னையே பார்த்தார்கள்.

நான் கேட்காமலே பெயர் எழுதினேன். அடுத்த கட்டம் தகப்பன் பெயர். என் பேனா நின்றது.

"என்ன நிப்பாட்டிட்ட? எங்கப்பன் பேரு தெரியாதா ஒனக்கு? ஒன் மாமனாருடி. எழுது."

எழுதினேன்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. என் தம்பி உசிரோட இருந்தா சந்தோசப்பட்டிருப்பான்."

பாசியைத் திரும்பக் கடலில் கொட்டினார்கள். ஒரு காலை நேர உழைப்பு. என் மூன்று விரல் நகத்தில் மை ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை.

அக்டோபர் 21

மதினி வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ரேடியோ பாடுகிறது. தட்டினேன். ரேடியோவின் சத்தம் கூடியது.

நவம்பர் 3

எழுத்துத் தேர்வு. பூங்கா எல்லை, சட்டப் பிரிவுகள், கடற்புல், கடல்பசு, பவளப்பாறை வெளுப்பது ஏன், பார்வையாளரிடம் எப்படிப் பேசுவது. ஐம்பத்தாறு வாங்கினேன். ஐம்பது போதும். அண்ணன் அறுபத்தொன்று. பார்வையாளரிடம் பேசும் கேள்விக்கு அவர், முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும் என்று எழுதினாராம். அதற்கு முழு மார்க்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. சம்பவ அறிக்கை எழுதும் பயிற்சி. கடலில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, எப்படி, தவிர்த்திருக்க வழி உண்டா.

எல்லாரும் கற்பனையாக எழுதினார்கள். நான் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 18, வெள்ளி

வருடம் ஆயிற்று.

படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துப் படைத்தேன். தெருவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். மதினியும் வந்தார்கள். என்னோடு பேசவில்லை. தம்பி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், "மூணு மணிக்கே போயிட்டான். நீ என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றார்கள். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள். ஆயிரம் தரம் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மேடத்தின் முறையிலேயே எழுதுகிறேன். பார்த்ததை மட்டும்.

போன வருடம் நவம்பர் பதினெட்டு வியாழக்கிழமை. அவருக்கு வார லீவு. வீட்டில் இருந்தார். நான் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதினியோடு பாசிக்குப் போனேன். அவர் காவலர் ஆன பிறகு நான் தீவுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். சொன்ன பிறகும் போவேன். அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்கமாட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று எழும்பிவிட்டது. நாங்கள் நாலு பேரும் வள்ளத்தில் ஏறித் திரும்பினோம். பெரிய துறையில் அன்றைக்குச் செக்கிங் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் தெற்கே விட்டு உடங்காட்டுக் கரையில் ஏறினோம். அப்படித்தான் செய்வது வழக்கம். செக்கிங் போகும்வரை மரத்தடியில் சத்தமில்லாமல் இருப்போம். போனை எல்லாம் அணைத்து, பாலித்தீனில் சுற்றி, மூட்டைக்குள் போட்டுவிடுவோம். மணி அடித்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

இருட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். வீடு திறந்து கிடந்தது. போனைப் போட்டேன். அவர் ஏழு தரம் கூப்பிட்டதாகச் செய்தி வந்து விழுந்தது; எத்தனை மணிக்கு என்று பார்க்கத் தோன்றவில்லை.

வள்ளம் திரும்பவில்லை என்று பெரிய துறையில் யாரோ சொல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு எங்களைத் தேடிப் போனவர் அவர். மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

நாங்கள் எங்கே ஏறினோம் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கோவிலுக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். ஃபைலில் ரோந்துப் பணி என்று ரேஞ்சர் எழுதினார். என் வீட்டுக்காரர் மேல் பிரியம் உள்ளவர். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதினார். நான் கீழே கைநாட்டு வைத்தேன்.

மூன்று மணிக்கு அவர் கிளம்பினார் என்று துறையில் விசாரித்து வந்து மதினிதான் சொன்னார்கள். அப்போது நாங்கள் நடுக்கடலில் அலையில் ஆடிக்கொண்டிருந்தோம். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

டிசம்பர் 5

சான்றிதழ் தயார் என்றார் மேடம். அறிக்கைப் பயிற்சிக்கு வெள்ளைத்தாள் கொடுத்தும், மற்ற மார்க்கைக் கூட்டித் தேற்றிவிட்டார். "ஏன் எழுதல அக்கா?" என்று கேட்டார். எழுத வரவில்லை என்றேன். "பொய் சொல்றீங்க" என்றார். இருபத்தேழு வயதுப் பெண். கண் என்ன கூர்மை.

வேலைக்கான விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாக விட்டிருக்கிறார்கள். கணவர் இறந்த சூழ்நிலையை விண்ணப்பதாரர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கிளார்க் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போன தடவை நான்தாம்மா எழுதினேன். இப்ப நீங்களே எழுதுவீங்கள்ல? படிச்சவங்களாச்சே."

டிசம்பர் 6

"ரோந்துப் பணியில்" என்று எழுதினேன். ரோந்து மட்டும் கோணலாக விழுந்தது. ஃபாரம் வீண்.

டிசம்பர் 7

இரண்டாவது ஃபாரம். ரோந்து நேராக வந்தது. அதற்கு மேல் பேனா போகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கையோடு தொட்டு அதுவும் வீண்.

ஆறு மாதம் இதற்காகத்தான் எழுத்துப் படித்தேனா? படிக்காமலிருந்தால் கைநாட்டோடு போயிருக்கும். கைநாட்டுக்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 8

விடிந்ததும் மதினி வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஓட்டை விழுந்த மூங்கில் கூடையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, உள்ளதை எழுதப் போறேன்."

"எதை?"

"அவுக லீவுல இருந்ததை. நம்மளைத் தேடிப் போனதை. நாம எங்க ஏறுனோம்ங்கிறதை."

கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? எழுதுனா வேலை போயிரும்."

"போகட்டும்."

"போகட்டுமா? பெறகு என்னத்தத் திங்கிறது? இந்தப் பாசிக்கா வருவ? ஒரு சட்டத்தைப் போட்டுப் பாக்கச் சொன்னா பறிச்சுக்கிட்டு வந்தவ நீ." கோபத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே போய்விட்டது. "டூட்டியில செத்தான்னு இருக்கு. அந்தப் பேரு அவனுக்கு இருந்துட்டுப் போகுது. ஊருல அவனைச் சிங்கம்ங்கிறாக. பொண்டாட்டியைத் தேடிப் போயி செத்தான்னு எழுதணுமா?"

"அதுதான மதினி நெசம்."

"ஏ நம்பு, நான் ஒன்னைக் கும்பிடுறேன். எழுதாத. எழுதுனா எல்லாத்தையும் நோண்டுவாக. நேரங்காலமெல்லாம் கேப்பாக."

"கேக்கட்டும். அவுக மூணு மணிக்குப் போனாக. நாம அப்பக் கடலுக்குள்ள. இதுல நோண்ட என்ன இருக்கு?"

மதினி கூடையை எடுத்து மறுபடி பொத்தத் தொடங்கினார்கள். கை தப்புத் தப்பாகப் போயிற்று. இருபது வருடத்தில் மதினியின் கை தப்பி நான் பார்த்ததில்லை.

நான் வெளியே வரும்போது, "என் பேரையும் எழுதிக்க. மறைக்க வேணாம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது ஃபாரத்தை எழுதினேன். ஒரே மூச்சில். எங்கும் கோணவில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

ரேஞ்சர் அலுவலகத்தில் பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஜெபமலர் மேடம் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ரேஞ்சர் மூன்றாவது பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரும்மா இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"அன்னிக்கு அவரு எனக்குப் போன் பண்ணிட்டுத்தான் போனாரு. பொம்பளைங்க வள்ளம் திரும்பலைன்னு. போய்ப் பாருன்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் பணின்னு எழுதினேன். அது ரொம்பப் பொய்யும் இல்லை." ஃபாரத்தை மேசையில் வைத்தார். "ஆனா நீங்க இங்க எல்லைக்குள்ள பாசி எடுக்கப் போனதா எழுதியிருக்கீங்க. இதை நான் மேல அனுப்பணும். வேலை நிக்கலாம். கிடைக்காமலே போகலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இதைக் கிழிச்சுட்டு வேற ஃபாரம் தரவா?"

"வேணாம் சார். ரெண்டு ஃபாரத்தை வீணாக்கிட்டேன்."

"மூணாவது இதுதானே?"

"ஆமா சார். இது வீணில்ல."

அவர் பெருமூச்சு விட்டார். அலமாரியிலிருந்து போன வருடப் பதிவேட்டை எடுத்தார். நவம்பரைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதிவேட்டை மூடப் போனவர் மூடவில்லை.

"நேரம் எழுதாம விட்டிருக்கீங்க. அறிக்கைக்கு நேரம் வேணும். கரைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"நாலரை சார். ரோட்டுல நாலரை பஸ் போச்சு. பஸ்ஸுல இருக்கிறவுக பாத்துரக் கூடாதுன்னு குனிஞ்சுக்கிட்டோம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"மத்ததை நானே எழுதிக்கிறேன்மா. நீங்க வெளிய இருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் ஒரு கையால் பக்கத்தை மறைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். பதிவேட்டைப் பார்த்து என் ஃபாரத்தின் ஓரத்தில் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே வாசித்தேன்.

கரையேறிய நேரம் 4.30.

களஞ்சியம் தகவல் தந்து படகு எடுத்த நேரம் 5.10.

மூன்று என்று எங்கேயும் இல்லை. இன்னொரு தடவை வாசித்தேன். கழித்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அணைத்த போன் மூட்டைக்குள் கிடந்த நாற்பது நிமிடம்.

ரேஞ்சர் பேனாவை நீட்டலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டி வாங்கினேன். அந்த இரண்டு வரிக்கும் கீழே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.